அமெரிக்கா கேம்ப்புக்கு ஊழியத்துக்குப் போகலாமா அக்கா?

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"அக்கா, எனக்கு வயது 23. ஊர் நாசரேத் பக்கம். பி.எட். முடித்திருக்கிறேன். எட்டு வருஷமாக எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன், மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்தால் ஆக்‌ஷன் சாங் எல்லாம் நான்தான். எங்களுக்குத் தெரிந்த ஊழியக்கார அண்ணன் ஒருவர், அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான கிறிஸ்தவ கேம்ப் ஒன்றில் அடுத்த ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வாலண்டியராக இருக்க ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். தங்குவதும் சாப்பாடும் இலவசம், சம்பளம் கிடையாது, ஊழியம்தானே என்கிறார். 1,75,000 ரூபாய் கட்ட வேண்டுமாம், டிக்கெட் தனி. டூரிஸ்ட் விசா போதும், ஏர்போர்ட்டில் கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடு என்கிறார். அப்பா சரி என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. போகலாமா?"

போகலாம். ஆனால் இந்த அண்ணன் காட்டுகிற வழியில் வேண்டாம். அவசரத்தில் இருக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் போன வருஷமும் இதே மாதிரி இரண்டு கடிதம் வந்தது, இரண்டிலும் "ஊழியம்தானே" என்ற அதே வார்த்தை இருந்தது.

பள்ளிகள், விடுதிகள், சபைகள் என்று பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதற்கெல்லாம் முன்னால், உங்களைவிட ஒரே ஒரு வயது கூடுதலாக இருந்தபோது, பென்சில்வேனியாவில் ஒரு கிறிஸ்தவ கேம்ப்பில் ஒரு கோடை முழுக்கக் கவுன்சிலராக இருந்திருக்கிறேன். (கவுன்சிலர் என்றதும் எங்கள் தெருவில் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டார்கள். கேபினில் பிள்ளைகளோடு படுத்து எழுந்து அவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அங்கே அதுதான் பெயர்.) அதனால் உங்கள் ஆசையும் எனக்குப் புரிகிறது, அம்மாவின் பயமும் புரிகிறது.

முதலில் விசா. அமெரிக்காவில் ஜே-1 என்ற விசாவுக்குள் கேம்ப் கவுன்சிலர் என்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மாணவராகவோ ஆசிரியராகவோ பிள்ளைகளோடு வேலை செய்து பழகினவராகவோ இருக்க வேண்டும், ஆங்கிலம் பேச வர வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம். பி.எட்., எட்டு வருஷ சண்டே ஸ்கூல் என்று நீங்கள் எழுதியிருக்கிற தகுதியைப் பார்த்தால் இந்தப் பிரிவே உங்களுக்காகத்தான் வைத்த மாதிரி இருக்கிறது. இதற்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் ஒருவர் வேண்டும். அவர்கள் உங்களை இன்டர்வியூ செய்து, எந்தக் கேம்ப் என்று முடிவான பிறகு டிஎஸ்-2019 என்ற படிவத்தை அனுப்புவார்கள். அந்தத் தாள் இல்லாமல் சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் ஜே-1 என்ற பேச்சே கிடையாது. ஸ்பான்சர்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படியே கிடக்கிறது, அண்ணனிடம் ஸ்பான்சர் பெயரை வாங்கி அதில் தேடிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. கேம்ப் கவுன்சிலருக்கு செவிஸ் என்கிற பதிவுக் கட்டணம் 35 டாலர், விசா கட்டணம் 185 டாலர் என்று இருந்தது, அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பதால் கட்டுகிற அன்றைக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, 2025 ஜூனிலிருந்து ஜே விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமை ஒருமுறை நீங்களே மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடுங்கள்.

இனி அந்த "சொந்தக்காரர் வீட்டுக்கு" விஷயம். குடியேற்ற அதிகாரியிடம் இப்படிப் பொய் சொல்லி மாட்டினால், அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவதோடு கதை முடியாது. விசா பெறுவதற்காகவோ உள்ளே நுழைவதற்காகவோ முக்கியமான விஷயத்தை மறைத்தவர் என்று பதிவாகிவிட்டால், பிறகு எப்போது எதற்கு விண்ணப்பித்தாலும் அது முன்னால் வந்து நிற்கும், வாழ்நாள் தடையே ஆகலாம். மாட்டுவது கஷ்டம் என்றும் நினைக்காதீர்கள். பெட்டியைத் திறந்தால் கைப்பொம்மையும் ஃப்ளாஷ் கார்டும், போனைத் திறந்தால் கேம்ப் டைரக்டரின் வாட்ஸ்அப். சொந்தக்காரர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. அங்கே போய்ப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து பொய் சொல்லி விழுந்து செத்த அனனியா, சப்பீராள் கதை சொல்லப் போகிறவர், விமான நிலையத்தில் ஆரம்பிப்பதே இப்படியா?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத தொண்டுக்கு பி-1 என்ற தற்காலிக வருகை விசாவில் ஒரு வழி உண்டு. அங்கீகாரமுள்ள ஒரு சமய அமைப்பிலோ அறப்பணி அமைப்பிலோ உண்மையான உறுப்பினராக இருந்து, அந்த அமைப்பு நடத்துகிற தொண்டுத் திட்டத்துக்குப் போவது. செலவுக்குக் கொடுப்பதைத் தவிர எந்த ஊதியமும் வாங்கக் கூடாது. ஆனால் அது "ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற வழி இல்லை. எங்கே, என்ன வேலை, எத்தனை நாள் என்று அந்த அமைப்பின் கடிதத்தோடு இன்டர்வியூவிலேயே உள்ளதைச் சொல்லி வாங்குகிற விசா. அண்ணன் சொல்வது இதுதான் என்றால் கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

சம்பளம் கிடையாது என்கிறாரே, அதையும் பார்ப்போம். ஜே-1 கேம்ப் கவுன்சிலர் விதியில், அதே வேலையைச் செய்கிற அமெரிக்கப் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதற்கு ஈடானதை வெளிநாட்டவருக்கும் கொடுக்க வேண்டும் என்றே இருக்கிறது. ஒருவருக்கும் சம்பளம் இல்லாத கேம்ப் என்றால் சரி. பக்கத்து கேபினில் இருக்கிற ஒஹையோ பெண்ணுக்கு வாரச் சம்பளம், உங்களுக்கு மட்டும் ஊழியம் என்றால் அது ஊழியம் இல்லை. அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு: கேம்ப்பில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எடுபிடி வேலை செய்வது சகஜம்தான், ஆனால் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் துடைக்கவும் பெருக்கவும் வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவருவதற்கு இந்தத் திட்டம் இல்லை என்று. நான் அங்கே இருந்தபோது எங்கள் கேம்ப்பில் வாரத்தில் ஒரு நாள் மேஜை துடைக்கிற முறை எல்லா கேபினுக்கும் வரும், டைரக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும். அது வேறு. உங்களுக்கு என்ன வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்வு என்பதெல்லாம் கிளம்புவதற்கு முன்னாலேயே எழுத்தில் வர வேண்டும்.

அந்த 1,75,000 ரூபாய் எதற்கு என்று கடிதத்தில் இல்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்பான்சர் கட்டணம் என்று ஒன்று உண்டு, காப்பீடு உண்டு, அதெல்லாம் நியாயமான செலவுதான். ஆனால் அது ஸ்பான்சர் பெயரில், ஸ்பான்சர் கணக்கில், எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட ரசீதோடு போக வேண்டும். ஒருவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணுகிற பணம் போனது போனதுதான். வீட்டுக்கு கிரைண்டர் வாங்கினால்கூட பில்லைப் பத்திரமாக வைக்கிற நாம், ஊழியம் என்ற சொல் வந்துவிட்டால் கணக்குக் கேட்பதையே அவிசுவாசம் மாதிரி ஆக்கிவிடுகிறோம். காப்பீட்டையும் சும்மா "இருக்கிறது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஜே-1 விதிப்படி ஒரு விபத்துக்கோ நோய்க்கோ குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவச் செலவு வருகிற மாதிரி பாலிசி இருக்க வேண்டும். அங்கே கை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைக் கேட்டால் இந்தத் தொகை ஏன் என்று தெரியும்.

சரி, இதெல்லாம் தாள் சமாச்சாரம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. அந்த அண்ணன் உங்களிடம் என்ன கேட்டார் என்று தேடினேன். பணம் கேட்டிருக்கிறார், பாஸ்போர்ட் நகல் கேட்டிருப்பார். உங்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோடு ராத்திரி ஒரே அறையில் படுக்கப்போகிற ஒருவரைப் பற்றி, அவர் யார், எப்படிப்பட்டவர், இதற்கு முன் பிள்ளைகளை எங்கே பார்த்துக்கொண்டார், யாரை விசாரிக்கலாம் என்று யாருமே கேட்காத கேம்ப் அது. உங்களைக் கேட்காதவர்கள் வேறு யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள், இல்லையா? அப்படியானால் உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் யார், பையன்கள் கேபினில் யார்?

நான் போவதற்கு முன்னால் அவர்கள் என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. என் குடும்பத்தைச் சேராத மூன்று பேரிடமிருந்து நன்னடத்தைக் கடிதம், அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு அங்கிருந்தே போன். எங்கள் சபை ஐயருக்கு, அதாவது போதகருக்கு, ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன் வந்து, மனுஷன் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார். போலீஸ் சான்றிதழ் (இப்போது பாஸ்போர்ட் சேவாவிலேயே 500 ரூபாய் கட்டி பி.சி.சி. வாங்கலாம்), மருத்துவப் படிவம், விசுவாச அறிக்கையில் கையெழுத்து, ஒன்றரை மணி நேர இன்டர்வியூ. அதில் ஒரு கேள்வி: "ஒரு பிள்ளை உன்னிடம் ஒரு ரகசியம் சொல்கிறது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்கிறது, என்ன செய்வாய்?" நான் ரொம்பப் பெருமையாக, "சொல்லமாட்டேன், நம்பிக்கையைக் காப்பாற்றுவேன்" என்றேன். இன்டர்வியூ எடுத்த அந்தம்மா சிரிக்கவே இல்லை. "அந்தச் சத்தியத்தை நீ செய்யவே கூடாது" என்றார். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. இன்று அதையேதான் ஊர் ஊராகப் போய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால், கிறிஸ்தவ கேம்ப் உலகம் அதைப் பிள்ளைகளின் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜான் ஸ்மைத் என்று ஒரு பெரிய வக்கீல், பள்ளிப் பையன்களுக்கான யூவர்ன் கிறிஸ்தவ கேம்ப்களில் செல்வாக்கான தலைவர். 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும், அங்கே பழக்கமான பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்கு அழைத்துப்போய், பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லி ரத்தம் வர வரப் பிரம்பால் அடித்தார். 1982-லேயே உள்ளுக்குள் ஓர் அறிக்கை எழுதி விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். போலீசுக்குப் போகவில்லை. 1984-ல் மனுஷன் ஜிம்பாப்வேக்குப் போய்விட்டார், அங்கேயும் பையன்களுக்குக் கிறிஸ்தவ கேம்ப் ஆரம்பித்தார். 1992 டிசம்பரில் அந்தக் கேம்ப்புக்கு வந்த 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடந்தான். 2018-ல் சாகும்வரை ஸ்மைத் எதற்கும் தண்டனை அனுபவிக்கவில்லை. இதைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்த பிறகு, 2024 நவம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியே பதவி விலக வேண்டியதாயிற்று. நம் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) அந்த ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கிற சபைதான், அதனால் இதை யாரோ வெள்ளைக்காரர் வீட்டுச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. எனக்கு இதில் மறக்க முடியாதது, ஓர் ஊரில் தெரிந்துபோன ஆளுக்கு "வெளிநாட்டு ஊழியம்" எவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பதுதான். தூர தேசத்திலிருந்து வருகிறவரை, அதுவும் கையில் பைபிளோடு வருகிறவரை, யாரும் துருவிக் கேட்பதில்லை. உங்களையும் துருவிக் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் கோபப்படாதீர்கள், அந்த இடம் நல்ல இடம் என்று நிம்மதியாக இருங்கள்.

இனி வேலை எப்படி இருக்கும் என்று. நம் மனதில் கேம்ப் என்றால் மேடை, மைக், ஆக்‌ஷன் சாங், பலூன். அங்கே அதெல்லாம் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் இருக்கும். மீதி நேரம் உங்கள் வேலை கிட்டத்தட்ட ஒரு தாயின் வேலை. காலையில் ஏழு மணிக்கு எழுப்ப வேண்டும், பல் தேய்த்தார்களா, நேற்றைய உள்ளாடையை மாற்றினார்களா, வெயிலுக்கு கிரீம் தடவினார்களா, தண்ணீர் குடித்தார்களா. காட்டுக்குள் நடந்து வந்தால் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், வடகிழக்கு மாநிலங்களில் அதிலிருந்து லைம் நோய் வரும். மூன்று மூன்று இலையாக இருக்கிற, தொட்டால் அரிக்கிற பாய்சன் ஐவி செடியை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார், ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அவளுடைய எபிபென் ஊசி யாரிடம் இருக்கிறது என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வர வேண்டும். இதில் எங்கே ஊழியம் என்று முதல் வாரம் எனக்கே தோன்றியது.

இரண்டாவது வாரம் ஒரு காலையில், எல்லாரும் சாப்பாட்டு ஹாலுக்கு ஓடுகிறார்கள், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் ஸ்லீப்பிங் பேக்கை விட்டு எழவில்லை. கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்குப் புரியவில்லை, காய்ச்சலா என்று நெற்றியைத் தொடப் போனேன். என் கூட இருந்த கவுன்சிலருக்கு வயது பத்தொன்பதுதான், அவளுக்கு வாசனையிலேயே புரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவது மாதிரி போய், கால் தடுக்கினது போலச் சாய்ந்து, பாட்டிலை அப்படியே அந்த ஸ்லீப்பிங் பேக் மேல் கொட்டிவிட்டாள். "ஐயோ, என்னால் எல்லாம் நனைந்துவிட்டதே, மன்னித்துவிடு, நான் காயவைத்துக் கொண்டுவருகிறேன், நீ வேறு டிரெஸ் போட்டுக்கொள்" என்று பெரிய சத்தமாகப் புலம்பல். வாசலில் நின்ற இரண்டு பிள்ளைகள் அவளைப் பார்த்து, "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டார்கள். சாப்பாடு முடிவதற்குள் துவைத்து, மத்தியானத் தூக்கத்துக்குள் டிரையரில் காய்ந்து, பேக் அதே கட்டிலில் அதே மடிப்பில் இருந்தது. அந்தப் பிள்ளை அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. மறுநாள் ராத்திரியிலிருந்து படுக்கும் முன் "வாங்க, எல்லாரும் ஒருமுறை பாத்ரூம் போய்வருவோம்" என்று பத்துப் பேரையும் டார்ச் அடித்துக்கொண்டு கூட்டிப்போனோம். அந்தக் கோடையில் நான் எடுத்த வேத பாடங்களில் ஒன்றுகூட இன்று எனக்கு ஞாபகம் இல்லை.

பழக்கவழக்கத்தில் உங்களுக்கு இடிக்கப்போகிற இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் வி.பி.எஸ்.ஸில் சின்னப் பிள்ளைகளை மடியில் தூக்கி வைப்போம், கன்னத்தைக் கிள்ளுவோம், அழுகிற பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய் ஜெபம் செய்வோம். அங்கே இது மூன்றுமே கூடாது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் யார் கண்ணிலும் படாத இடத்தில் தனியாக இருக்கவே கூடாது என்பது முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். பேச வேண்டுமா, கேபின் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்கிற மாதிரி பேசு. கட்டிப்பிடிக்க வந்தால் பக்கவாட்டில் தோளோடு தோள். கேம்ப் முடிந்த பிறகு பிள்ளைகளோடு தனியாக இன்ஸ்டாகிராமில் பேசுவது, நம்பர் கொடுப்பது எல்லாம் இல்லை. "என்ன, அன்பே இல்லாத ஜனங்களாக இருக்கிறார்களே" என்று எனக்கு முதலில் கசந்தது. போகப் போகத்தான் தெரிந்தது, இந்த வேலி பிள்ளைக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். வீட்டில் அடி வாங்குகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை மேலே சொல்வது உங்கள் விருப்பம் இல்லை, கடமை. பல மாநிலங்களில் சட்டமே அப்படித்தான்.

வீட்டு ஞாபகத்தில் அழுகிற பிள்ளை கண்டிப்பாக இருப்பாள். "அழாதே, அம்மாவுக்குப் போன் போட்டுத் தருகிறேன்" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். பல கேம்ப்களில் போனே கிடையாது, நீங்கள் கொடுத்த வாக்கு மறுநாள் பொய்யாகும். ஒரு போஸ்ட்கார்டும் பென்சிலும் கொடுத்து எழுதச் சொன்னால் பாதி அழுகை எழுத்தில் போய்விடும்.

தண்ணீர். இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் என்னை ராத்திரி தூங்கவிடாதது இதுதான். 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாசில் குவாடலூப் ஆறு பெருகி, ஆற்றங்கரையில் இருந்த கேம்ப் மிஸ்டிக் என்ற கிறிஸ்தவப் பெண் பிள்ளைகள் கேம்ப்புக்குள் புகுந்தது. 1926-ல் தொடங்கின பேர்போன கேம்ப். பிள்ளைகளும் கவுன்சிலர்களுமாக 27 பேர் இறந்துபோய்விட்டார்கள். இரண்டு நாள் முன்னால் மாநில ஆய்வில், அவசரத் திட்டம் இருக்கிறது என்று குறித்திருந்தார்கள். அன்றைக்கு அங்கே கவுன்சிலராக இருந்தவர்களில் மெக்சிகோவிலிருந்து வந்த 19 வயதுப் பெண்கள் இரண்டு பேரும் உண்டு. தங்களிடம் இருந்த பிள்ளைகள் பயப்படாமல் இருக்க விளையாட்டுக் காட்டிக்கொண்டே, ஒவ்வொருத்தி உடம்பிலும் கண்ணில் படுகிற இடத்தில் அவளவள் பெயரை எழுதிவைத்தார்களாம். எதற்காக எழுதினார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் உங்களை மாதிரி வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான், உங்களைவிட நான்கு வயது சின்னவர்கள். அதற்குப் பிறகு 2025 செப்டம்பரில் டெக்சாஸ் சட்டம் போட்டது, வெள்ளம் வருகிற இடத்தில் பிள்ளைகள் தூங்கும் கேபின் இருக்கக் கூடாது, அவசரத் திட்டத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று. எந்த மாநிலமானாலும் நீங்கள் கேளுங்கள்: கேபின் எங்கே இருக்கிறது, ஆறு எவ்வளவு தூரம், ராத்திரி எச்சரிக்கை வந்தால் யார் முழித்திருந்து பார்ப்பது, பிள்ளைகளை எந்தப் பக்கம் கூட்டிப்போவது? இதைக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

கூடவே, ஒரு கவுன்சிலருக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் கேளுங்கள். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் வைத்திருக்கிற அளவு, ராத்திரி தங்கும் கேம்ப்பில் ஆறிலிருந்து எட்டு வயது என்றால் ஆறு பேருக்கு ஒருவர், ஒன்பதிலிருந்து பதினாலு வயது என்றால் எட்டுப் பேருக்கு ஒருவர். எங்கள் கேபினில் பத்துப் பேருக்கு நாங்கள் இரண்டு பேர், அதற்கே நாக்கு தள்ளியது. உங்களிடம் இருபது பேரை ஒப்படைக்கப் பார்க்கிறார்கள் என்றால் அது கேம்ப் இல்லை, மந்தை.

பிரசங்கம் பற்றி ஒரு வார்த்தை, இது என் சொந்தக் கருத்து, உங்கள் ஐயர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். கடைசி நாள் ராத்திரி நெருப்பு மூட்டி, பாட்டு மெதுவாக, பிள்ளைகள் தூக்கத்திலும் களைப்பிலும் வீட்டு ஞாபகத்திலும் கலங்கி இருக்கிற நேரத்தில், "யாரெல்லாம் கையைத் தூக்குகிறீர்கள்" என்று கேட்டு எண்ணி எழுதிக்கொள்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளை தூக்கினால் தானும் தூக்கும். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் எல்லாப் பிள்ளையும் தூக்கும். அந்த எண்ணிக்கையை ஊருக்கு அனுப்பி, "இத்தனை ஆத்துமாக்கள்" என்று சாட்சி சொல்வதற்காக நீங்கள் போகவில்லை என்று நினைக்கிறேன். வேல்ஸில் 1868-ல் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை மணலில் "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்ற வசனத்தை எழுதவைத்து, எழுத்துகளைக் கூழாங்கல்லாலும் சிப்பியாலும் அலங்கரிக்கச் சொன்னார். பிள்ளைகள் நடுவே ஊழியம் செய்கிற ஸ்கிரிப்சர் யூனியன் என்ற அமைப்பு வளர்ந்த கதையில் அது ஒரு முக்கியமான நாள். அதில் பயமுறுத்தல் எதுவும் இல்லை, கல் பொறுக்கிற வேலைதான் இருந்தது.

கேம்ப் எந்த மாதிரிச் சபையைச் சேர்ந்தது என்பதையும் அவர்களுடைய விசுவாச அறிக்கையைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். ஞானஸ்நானம், அந்நியபாஷை, பெண்கள் போதிப்பது என்று நாம் வீட்டில் வாதாடுகிற அத்தனையும் அங்கேயும் உண்டு. மனதுக்கு ஒப்பாததில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு மாதம் புழுங்க வேண்டாம்.

அமெரிக்காதான் வேண்டும் என்றில்லை என்றால், பிரிட்டன் பக்கமும் யோசிக்கலாம். அங்கே முறையாகப் பதிவான அறக்கட்டளைக்கு, சாதாரண விசிட்டர் விசாவிலேயே மொத்தம் 30 நாளுக்கு மேல் போகாமல் தொண்டு செய்ய விதியே இடம் கொடுக்கிறது. ஜூலை கடைசி, ஆகஸ்ட் மாதம் பள்ளி விடுமுறையில் பல கிறிஸ்தவ அமைப்புகள் ஒரு வாரக் கேம்ப் நடத்துகின்றன. ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை, விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதலாம். ஆனால் செலவு முழுக்க உங்களுடையது.

அம்மாவிடம் வருகிறேன். "பொம்பளப் பிள்ளையைத் தனியா அனுப்புறதா" என்றுதான் அவர் சொல்லியிருப்பார், நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குக் கேட்கிறது, எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். அதோடு சண்டை போடாதீர்கள். ஸ்பான்சர் யார் என்று தெரிந்ததும், கேம்ப் டைரக்டரோடு ஒரு வீடியோ காலில் அம்மாவையும் உட்காரவையுங்கள். அவருக்கு ஆங்கிலம் வராது என்றால் நீங்கள் மொழிபெயருங்கள். எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா" என்பது. எனக்கு அன்றைக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் டைரக்டர் எழுந்துபோய் போட்டோ எடுத்து அனுப்பினார். அண்ணன் ஏற்பாடு செய்கிற கேம்ப்பில் அப்படி ஒருவர் திரையில் வந்து அம்மாவுக்குப் பதில் சொல்வாரா? அதைக் கேட்டுப் பாருங்கள், அப்பாவுக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும்.

இந்த வாரமே அண்ணனிடம் மூன்று விஷயத்தை வாட்ஸ்அப்பில், எழுத்தில், மரியாதையாகக் கேளுங்கள்: கேம்ப்பின் பெயரும் முகவரியும், ஸ்பான்சர் நிறுவனத்தின் பெயர், பணம் எந்தக் கணக்கில் எதற்காகப் போகிறது. "என்னம்மா, ஊழியக்காரனையே சந்தேகப்படுறியா" என்று பதில் வந்தால் அதுவே பதில். அதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம், பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.

பதில் என்ன வந்தாலும் எனக்கு எழுதுங்கள். ஸ்பான்சர்கள் அடுத்த கோடைக்கு ஆள் எடுப்பதைப் பல மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் தள்ளிப்போடாமல் நீங்களே நேரடியாக ஒரு விண்ணப்பமும் போட்டுவிடுங்கள். அப்புறம் நீச்சல் தெரியுமா என்று எழுதவில்லையே? தெரியாது என்றால் படிவத்தில் தெரியாது என்றே போடுங்கள், எனக்கும் தெரியாதுதான், ஏரிக்கரையில் பிள்ளைகளின் டவலை எண்ணுகிற வேலை எனக்குக் கொடுத்தார்கள். பத்து டவல் போனால் பத்து டவல் திரும்ப வர வேண்டும்.